மலாக்கா சவேரியார் கோயில்



மலாக்காவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் சதுக்கத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். கோட்டை வாசலைப் பார்ப்பார்கள். செண்டோல் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுவார்கள். அந்தச் சதுக்கத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், லக்சமானா சாலையில் இரட்டைக் கோபுரத்துடன் ஒரு மாதா கோயில் இருக்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம் என்பது அதன் பெயர். இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோம். புறப்படுவதற்கு முதல் நாள், பால் வெட்டி முடித்து வந்த ஒரு தந்தை பள்ளி வாசலில் காத்திருந்தார். "சார், கோட்டையக் காட்டுங்க, மியூசியத்தக் காட்டுங்க. வேதக்காரங்க கோயிலுக்குள்ள மட்டும் புள்ளைய விடாதீங்க" என்றார். அவர் பேச்சில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. கும்பிடுவதற்காக அல்ல, கட்டியிருக்கும் விதத்தைப் பார்ப்பதற்காகத்தான் போகிறோம் என்று விளக்கினோம். அவருக்கு அது போதவில்லை. "அப்ப நானும் வர்றேன்" என்றார். பேருந்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

இந்தக் கோயிலை 1849-ஆம் ஆண்டில் எழுப்ப முற்பட்டவர் பாவ்ரே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். படிப்பாளி. பின்னாளில் மலாய் - பிரெஞ்சு அகராதி ஒன்றையும் 1875-இல் வெளியிட்டார். தென் பிரான்சில் மொன்பெலியே நகரத்துப் பேராலயத்தின் சாயல் இந்தக் கோயிலில் இருப்பதாகச் சொல்வார்கள்.

இந்தக் கட்டட முறைக்குக் கோதிக் என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்த முறை இது. 'காட்டுமிராண்டிகளான கோத்தியர் வேலை' என்று பிற்காலத்து இத்தாலியர் ஏளனமாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. பிறகு மங்கிப்போன இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் தழைத்தது. அதைப் புதுக்கோதிக் என்பார்கள். நம் மலாக்காக் கோயில் அந்த வகையைச் சேர்ந்தது.

இதன் உயிர்நாடி கூர்வளைவு. சன்னலைப் பாருங்கள், வாசலைப் பாருங்கள், மேலே போகப் போக இரண்டு பக்கமும் சாய்ந்து ஒரு முனையில் கூடும். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. பயணத்துக்கு முன் பள்ளித் திடலில் இரண்டு பையன்களை எதிரெதிரே நிறுத்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்துச் சாயச் சொன்னோம். கால்களைத் தள்ளி வைத்து நன்றாகச் சாய்ந்தபோது கால் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். நெருங்கி நின்று கொஞ்சமாகச் சாய்ந்தபோது அசையாமல் நின்றார்கள். அரைவட்ட வளைவு பாரத்தை அதிகமாகப் பக்கவாட்டில் தள்ளும். கூர்வளைவு அதில் பெரும்பகுதியைக் கீழ்நோக்கி இறக்கிவிடும். மிச்சமுள்ள தள்ளலைச் சுவருக்கு வெளியே முட்டுக்கொடுத்துக் கட்டிய உதைசுவர்கள் தாங்கும். சுவரே எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டியதில்லை என்பதால், அதில் உயரமான சன்னல்களைத் திறந்து வண்ணக் கண்ணாடி பதிக்க முடிந்தது. சதுக்கத்தில் டச்சுக்காரர் 1753-இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயம் வேறு வகை. அங்கே கூரையைத் தாங்கும் உத்திரம் ஒவ்வொன்றும் ஒற்றை மரத்தில் அறுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் வேற்றுமை விளங்கும்.

கோயிலின் முன்புறம் இரண்டு சிலைகள் உண்டு. ஒன்று சவேரியார், மற்றொன்று அஞ்சிரோ என்ற ஜப்பானியர். இருவரும் 1547-இல் மலாக்காவில்தான் சந்தித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சவேரியார் ஜப்பானுக்குப் போனார்.

சவேரியார் மலாக்காவுக்கு முதலில் வந்தது 1545-இல். அதற்கு முன் அவர் இருந்த இடம் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக் கரை. அங்கே பரதவர் நடுவில் பணியாற்றியபோது, தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்களை வைத்து மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். இதைச் சிலையருகே சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தத் தந்தை குறுக்கிட்டார். "வெள்ளக்காரரு தமிழ்லயா சொல்லிக்குடுத்தாரு?" ஆம் என்றோம். நமக்கும் அந்தச் செய்தியில் தனிப்பிடித்தம் உண்டு. வாத்தியார் வேலைதானே!

அவர் 1552-இல் சீனக் கடலோரத் தீவொன்றில் இறந்தார். அடுத்த ஆண்டு உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து, குன்றின் மேலுள்ள பழைய கோயிலில் சில மாதங்கள் புதைத்து வைத்திருந்து, பிறகு கோவாவுக்கு எடுத்துச் சென்றார்கள். குன்றின் மேல் கூரையில்லாமல் நிற்கும் அந்தச் சுவர்களுக்குள் அவர் கிடந்த குழி இன்றும் இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

இனிக் கோயிலுக்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே செருப்பைப் படியில் கழற்றி வரிசையாக வைத்தார்கள். காவல்காரர் சிரித்துக்கொண்டே, போட்டுக்கொண்டு வரலாம் என்று சைகை காட்டினார். ஒருவரும் போட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தந்தை வாசலிலேயே நின்றார். நெடுநேரம் கழித்துப் பார்த்தால் நடைவழியின் நடுவில் அண்ணாந்து நிற்கிறார். மகனைக் கூப்பிட்டு மேலே காட்டி, "நம்ம நெரைக்குள்ள நின்னு பாக்குற மாதிரியே இல்ல?" என்றார். இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் சாய்ந்து உச்சியில் கூடும் நிரையைச் சொன்னார். நாங்கள் பள்ளித் திடலில் பையன்களை விழவைத்திருக்கவே வேண்டாம்.

மலாக்கா 2008-இல் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. போகிறவர்கள் பூசை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். தொப்பியைக் கழற்றுங்கள், பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். வெளியே வந்ததும் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கோபுரங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கட்டடம் சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எங்கள் பிள்ளைகளில் முதலில் அதைக் கண்டுபிடித்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி.