மரத்தைத் தட்டும் விரல்

பலாப்பழம் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். உள்ளே பழுத்திருக்கிறதா, காயா என்று சத்தமே சொல்லிவிடும். இந்த வித்தையையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு விலங்கு மடகாஸ்கர் தீவில் இருக்கிறது. அதன் பெயர் ஐ-ஐ. லெமூர் வகை; குரங்குக்கும் நமக்கும் தூரத்து உறவு. அந்தக் கூட்டத்தின் இரவாடிகளில் இதுதான் பெரியது. அப்படியும் எடை சுமார் இரண்டரைக் கிலோதான்.

அதன் கையைப் பாருங்கள். நடுவிரல் மட்டும் எலும்பும் தோலுமாக மெலிந்திருக்கும். அடிமூட்டு நம் தோள்மூட்டின் வகை என்பதால் எந்தப் பக்கமும் சுழலும். ஐ-ஐ கிளையில் குனிந்து இந்த விரலால் படபடவென்று தட்டும். அகன்ற காதுகளை முன்னால் திருப்பிக் கேட்கும். உள்ளே புழு குடைந்த வழி இருந்தால் சத்தம் மாறும். உடனே முன்பற்களால் மரத்தைக் கடித்துத் துளை போடும். அந்தப் பற்கள் ஆயுள் முழுக்க வளர்வதால் தேய்மானம் ஒரு பொருட்டில்லை. பிறகு அதே விரலை உள்ளே விட்டு, நகத்தால் புழுவை இழுத்துத் தின்னும்.

ஏன் இப்படியொரு விரல்? மடகாஸ்கரில் மரங்கொத்திகளே கிடையாது. மற்ற நாடுகளில் மரங்கொத்தி செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது.

ஐரோப்பியருக்கு இதை அறிமுகப்படுத்தியவர் பியர் சொன்னரா. புதுச்சேரியில் பல ஆண்டுகள் இருந்தவர். 1782இல் வெளியான தன் பயண நூலில் இதைப் பற்றி எழுதினார். பற்களை வைத்து இதை அணில் என்றே முதலில் வகைப்படுத்தினார்கள். லெமூர்தான் என்பது உறுதியாகப் பல காலம் ஆனது.

மடகாஸ்கரின் சில ஊர்களில் இந்த விரல் யாரை நோக்கி நீள்கிறதோ அவருக்குச் சாவு என்று நம்புகிறார்கள். கண்ட இடத்தில் அடித்துக் கொல்வதும் உண்டு. காடும் அழிகிறது. தாய் ஈனுவதோ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி. இழந்ததை ஈடுகட்ட அது போதாது. 1930களில் இனமே அழிந்துவிட்டதாக நினைத்தார்கள். 1957இல் மீண்டும் கண்ணில் பட்டது. 1966இல் ஒன்பது ஐ-ஐகளைப் பிடித்து, நோசி மங்காபே என்ற சிறு தீவில் பாதுகாப்பாக விட்டார்கள். இன்றும் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐ-ஐயின் படத்தைக் காட்டினால் முதலில் பயப்படலாம். அந்த விரலின் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரிந்துகொண்ட உயிரைக் கொல்ல யாருக்கும் எளிதில் மனம் வராது.