இடைசெவலுக்கு வந்த கடிதங்கள்

மதுரைக்குத் தெற்கே, கோவில்பட்டியை ஒட்டிய கரிசல் கிராமம் இடைசெவல். எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) அவ்வூரில் 1923இல் பிறந்து, ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். அரசாங்க எழுத்தர் வேலையை விட்டுச் சென்னைப் பத்திரிகைகளுக்குப் போன அழகிரிசாமிக்கு வருமானம் நிலையாக அமையவில்லை. 1950களில் மலாயா சென்று 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றினார். அங்கேதான் திருமணமும் நடந்தது. பின்னர் சென்னை திரும்பி 'நவசக்தி' இதழில் சேர்ந்தார்.

ஊரிலிருந்த நண்பர் கி.ரா.வுக்கு அவர் எழுதிய கடிதங்களில் சொந்த வாழ்க்கையும் இலக்கியமும் கர்நாடக இசையும் கலந்தே வருகின்றன. கரிசல் மண்ணின் வாழ்வைச் சொல்லும் கரிசல் இலக்கியத்தின் பிறப்பை அறிய இவற்றைவிட நெருக்கமான ஆவணம் அரிது. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்த கி.ரா. பிற்காலத்தில் நூலாக்கினார்.

அழகிரிசாமி 1970இல் காலமானார். 'அன்பளிப்பு' சிறுகதைத் தொகுப்புக்கான சாகித்ய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பிறகே அறிவிக்கப்பட்டது.