கருவியின் கோணலும் கையின் பிழையும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின்மீது பழிபோடுவோரை எள்ளி நகையாட எழுந்தது அது. எனினும், கூடம் மெய்யாகவே கோணலாக இருப்பதும் உண்டு. அங்கே ஆடுவோர் பலரும் ஒரே இடத்தில் இடறி விழுந்தால், அவர்களைப் பழிப்பதில் பயன் என்ன? கூடத்தை அன்றோ சீர்செய்தல் வேண்டும்! விமானம், அணு உலை, கப்பல் முதலியவற்றை இயக்குவோர் செய்யும் பிழைகளை ஆராய்ந்த அறிஞர்கள் கண்ட உண்மையும் இதுவே.

ஒத்த வடிவில் இரண்டு விசைகள்

இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு விந்தையான ஒரு விபத்து அடிக்கடி நேர்ந்தது. விமானம் நலமாகத் தரையிறங்கும். அது ஓடுபாதையில் உருண்டு செல்லும்போது, விமானி இறக்கையின் மடல்களை உள்ளிழுக்க எண்ணி ஒரு விசையைத் தள்ளுவார். ஆனால், உள்ளே மடங்குவன சக்கரங்கள்! விமானம் வயிற்றின்மீது விழுந்து தரையில் உராயும். "விமானியின் பிழை" என்று அறிக்கை எழுதப்படும். அத்துடன் ஆராய்ச்சி முடியும்.

1943ஆம் ஆண்டில் இச்சிக்கல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளநூல் அறிஞரிடம் வந்தது. அவர் விமானியை மட்டும் நோக்காமல், விமானி அமரும் அறையையும் நோக்கினார். சக்கரத்துக்கு உரிய விசையும் மடலுக்கு உரிய விசையும் அடுத்தடுத்து இருந்தன. வடிவிலும் ஒன்றுபோலவே இருந்தன. அவ்விரண்டும் வேறுபட்ட முறையில் அமைந்திருந்த சி-47 விமானத்திலோ இவ்விபத்து நேரவில்லை. விமானிகள் அறிவிலிகளாயின் எல்லா விமானங்களிலும் அன்றோ தவறியிருப்பர்?

சப்பானிஸ் கண்ட மருந்து மிக எளியது. சக்கர விசையின் முனையில் சிறு ரப்பர்ச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். மடல் விசையின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைப் பொருத்தினார். களைத்த விமானியின் கையும் கண்ணின் துணையின்றியே வேறுபாட்டை உணர்ந்தது. விபத்துகள் ஓய்ந்தன.

பின்னர், 1947இல், பிட்ஸ், ஜோன்ஸ் என்னும் இரு அறிஞர்கள் விமானிகள் எடுத்துரைத்த 460 பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரு விசைக்கு மாறாக வேறொரு விசையை இயக்கியதால் நேர்ந்தவை. ஆசிரியர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. தேர்வில் ஒரு மாணவன் தவறினால் அவனைத் திருத்துகிறோம். வகுப்பு முழுவதும் ஒரே வினாவில் ஒரே வகையாகத் தவறினால், வினாவை எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா?

விளக்கு உரைத்த பொய்

1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு பழுது நேர்ந்தது. மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த அடைப்பான் ஒன்று, மீண்டும் மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறியது. கட்டுப்பாட்டு அறையிலோ, அதற்குரிய விளக்கு அணைந்திருந்தது. அணைந்த விளக்கைக் கண்டோர், அடைப்பான் மூடிவிட்டது என்று நம்பினர்.

உண்மை என்ன? மூடுமாறு மின்கட்டளை சென்றது என்பதையே அவ்விளக்கு காட்டியது. மூடியதா என்பதை அன்று. சொல் வேறு, செயல் வேறு அல்லவா? நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒருங்கே எழுந்து, இயக்குநர்களின் சிந்தையைக் கலக்கின. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீர் வடிந்தது. உலையின் கருப்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிப் போயிற்று.

சிங்கப்பூர்க் கடலில் பத்து உயிர்

இவை எங்கோ, என்றோ நிகழ்ந்தவை என்று எண்ணிவிடலாகாது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெயின், சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்தது. உலகிலேயே கப்பல் நெரிசல் மிக்க நீர்வழிகளுள் ஒன்று அது. சுக்கானையும் வேகத்தையும் ஒருவரே கவனிக்க இடர்ப்படுவதைக் கண்ட கப்பல் தலைவர், வேகப் பொறுப்பை மட்டும் அடுத்த இருக்கையில் உள்ளவரிடம் மாற்றுமாறு பணித்தார்.

அக்கப்பலில் இப்பணிகள் தொடுதிரையால் நடைபெற்றன. மாற்றம் செய்தபோது, எவரும் கருதாமலே, சுக்கானின் ஆட்சியும் அடுத்த இருக்கைக்குச் சென்றுவிட்டது. சுக்கான் பிடித்தவர், "சுக்கான் இயங்கவில்லை" என்று அறிவித்தார். உண்மையில் சுக்கான் பழுதுபடவில்லை. அதன் ஆட்சி ஓர் இருக்கை நகர்ந்திருந்தது, அவ்வளவே. வேகத்தைக் குறைக்கக் கட்டளை பிறந்தது. ஒருங்கே இயங்க வேண்டிய இரு சுழலிகளும் திரையில் தனித்தனியே பிரிந்திருந்தமையால், இடப்புறச் சுழலி மட்டும் தளர்ந்தது. வலப்புறச் சுழலி முன்போலவே விரைந்தது. கப்பல் இடப்புறம் திரும்பி, ஆல்நிக் எம்.சி. என்னும் எண்ணெய்க் கப்பலின் குறுக்கே சென்றது. குழப்பம் தொடங்கி ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் மோதல் நிகழ்ந்தது. மாலுமிகள் தங்கும் அறைக்குள் கடல்நீர் புகுந்தது, பதின்மர் மாண்டனர். 48 பேர் காயமுற்றனர்.

2019இல் வெளிவந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமையை முதற்காரணமாகக் காட்டியது. அத்துடன், தொடுதிரையின் அமைப்பே இத்தகைய பிழைக்கு இடம் பெருக்கியது என்றும் கூறியது. கைப்பிடியாயின், அது எங்கே நிற்கிறது என்பதை உள்ளங்கை அறியும். இரண்டு கைப்பிடிகளும் சேர்ந்து நகர்கின்றனவா என்பதையும் அறியும். வழவழப்பான கண்ணாடியோ கைக்கு எதனையும் உரைப்பதில்லை. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் கடற்படை, இவ்வகைக் கப்பல்களில் வேகத்துக்குப் பழையபடி கைப்பிடிகளையே பொருத்த முடிவு செய்தது. 1943இல் சிறு ரப்பர்ச் சக்கரம் கற்பித்த பாடம், புதுமை மோகத்தில் மறக்கப்பட்டுப் பத்து உயிரை விலையாகக் கொடுத்தபின் மீண்டும் கற்கப்பட்டது.

கருவிக்கு உரிய இலக்கணம்

மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கருவிக்கும் இலக்கணம் உண்டு. வேறுபட்ட பணிக்கு வேறுபட்ட வடிவம் வேண்டும். இட்ட கட்டளையை அன்றி, நடந்த செயலைக் கருவி காட்ட வேண்டும். ஆட்சி யாரிடம் உள்ளது என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்க வேண்டும். ஒருவர் கருதாது செய்த சிறு பிழையைக் கருவி தடுக்க வேண்டும். தடுக்க இயலாதாயின், உடனே உணர்த்தவேனும் வேண்டும்.

இதனால் மனிதருக்குப் பொறுப்பே இல்லை என்பது பொருளன்று. பயிற்சியும் விழிப்பும் என்றும் வேண்டுவனவே. ஆயினும், களைப்பும் மறதியும் பதற்றமும் மனித இயல்பு. அவற்றைத் தண்டனையால் நீக்கிவிட முடியாது. தவறியவரை விலக்கிவிட்டு அதே கருவியின் முன் வேறொருவரை அமர்த்தினால், அடுத்த விபத்துக்கு நாள் குறித்ததாகவே முடியும். "யார் செய்தார்?" என்று கேட்பது எளிது. "எது அவரை அவ்வாறு செய்வித்தது?" என்று கேட்பதே உயிர்களைக் காக்கும்.