வீழ்ந்தும் உயர்ந்த வீரர் முஹம்மத் அலி ரஷ்வான்



முதலில் ஒரு வினாவை உங்கள் முன் வைக்கிறோம். உங்கள் அருமை மகன் பள்ளி மைதானத்தில் கபடி ஆடிக்கொண்டிருக்கிறான். எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரன் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டியபடி கோட்டைத் தாண்டி வருகிறான். “அந்தக் காலைப் பிடி; அவனால் அசைய முடியாது” என்று அருகிலிருக்கும் தோழன் உங்கள் மகனின் காதில் கிசுகிசுக்கிறான். ஆட்ட விதி அதைத் தடுக்கவில்லை. நடுவரும் குற்றம் சொல்லமாட்டார். வெற்றியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த நொடியில் உங்கள் மகன் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்புவீர்கள்?

அவசரப்பட்டு விடை கூறிவிடாதீர்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு களத்தில், ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இதே வினாவைச் சந்தித்த ஒரு முஸ்லிம் வீரரின் வரலாற்றைப் படித்துவிட்டு, பின்னர் உங்கள் விடையைக் கூறுங்கள்.

விழக் கற்பிக்கும் கலை

அவ்வீரரின் கலை ஜூடோ. ஜப்பானியப் பேராசான் ஜிகோரோ கானோ அவர்கள், பழைய மற்போர் முறைகளிலிருந்து உயிருக்கு ஆபத்தானவற்றை விலக்கி, எஞ்சியவற்றைச் செம்மைப்படுத்தி, 1882-ஆம் ஆண்டு டோக்கியோவில் இக்கலையை நிறுவினார். அடிப்பதும் உதைப்பதும் ஜூடோ போட்டியில் கிடையாது. எதிராளியின் உடையைப் பற்றி, அவரது சமநிலையைக் குலைத்து, முதுகு தரையில் படும்படி வீழ்த்த வேண்டும். அல்லது தரையோடு சேர்த்து அசையவிடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மாணவனுக்கு இதில் கற்பிக்கப்படும் முதற்பாடம் பிறரை வீழ்த்துவதன்று. தான் அடிபடாமல் விழுவது எப்படி என்பதே. தானும் பிறரும் ஒருங்கே நலம் பெற வேண்டும் என்பதைத் தமது கலையின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகக் கானோ வகுத்தார்.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. அப்போது எடை வரம்பற்ற பொதுப் பிரிவின் இறுதியில், நெதர்லாந்து நாட்டின் ஆன்டன் ஹீசிங்கிடம் ஜப்பானிய வீரர் காமினாகா தோற்றுப்போனார். தாம் பெற்றெடுத்த கலையில், தம் தலைநகரிலேயே கண்ட அத்தோல்வியை ஜப்பானியர் நெடுங்காலம் மறக்கவில்லை. அன்றுமுதல் அந்தப் பொதுப் பிரிவின் தங்கம் அவர்களுக்கு நாட்டின் மானமாகவே ஆகிவிட்டது.

எவரும் வெல்ல முடியாத யமஷிதா

அந்த மானத்தைத் தோளில் சுமந்து 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வந்தவர் யசுஹிரோ யமஷிதா. 1957-இல் ஜப்பானின் குமாமோட்டோ மாவட்டத்தில் பிறந்தவர். 1977 அக்டோபருக்குப் பிறகு அவரை ஒருவராலும் தோற்கடிக்க முடியவில்லை. 1979, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் உலகப் போட்டிகளில் மொத்தம் நான்கு தங்கப் பதக்கங்களை அவர் வென்றிருந்தார். அவரிடம் இல்லாதது ஒலிம்பிக் தங்கம் ஒன்றுதான். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்து 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை ஜப்பான் புறக்கணித்தபோது, அவ்வாய்ப்பு அவர் கையைவிட்டு நழுவியது. எகிப்தும் அதே காரணத்தால் அன்று மாஸ்கோ செல்லவில்லை.

நான்காண்டுகள் காத்திருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த யமஷிதாவுக்கு, இரண்டாவது போட்டியிலேயே பேரிடி காத்திருந்தது. மேற்கு ஜெர்மனியின் ஆர்தர் ஷ்னாபெலுடன் மோதியபோது அவரது வலது கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது. அப்போட்டியை வென்றாலும், நொண்டிக்கொண்டே வெளியேறினார். அரையிறுதியில் பிரெஞ்சு வீரர் லோரான் டெல் கொலம்போ தொடக்கத்திலேயே அவரைச் சாய்த்துப் புள்ளி எடுத்துவிட்டார். பற்களைக் கடித்துக்கொண்டு அதையும் சமாளித்து வென்ற யமஷிதா, ஒற்றைக் காலின் பலத்தோடு இறுதிப் போட்டிக்கு வந்து சேர்ந்தார். அவரது காயம் எங்கே இருக்கிறது என்பது அரங்கிலிருந்த அனைவருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது.

இஸ்கந்தரிய்யாவின் இளைஞர்

இறுதியில் அவரை எதிர்கொள்ளக் காத்திருந்தவரே நம் கட்டுரையின் நாயகர் முஹம்மத் அலி ரஷ்வான். 1956-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், எகிப்தின் கடற்கரை நகரமாகிய இஸ்கந்தரிய்யாவில் பிறந்தவர். ஜூடோவில் ஒலிம்பிக் பதக்கம் என்பதையே அதுவரை கண்டிராத நாடு எகிப்து. 1960 ரோம் ஒலிம்பிக்கிற்குப் பின்னர் எந்த விளையாட்டிலும் ஒரு பதக்கம்கூட அந்நாட்டிற்குக் கிடைத்திருக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்டின் மைந்தர், 28 வயதில், தங்கத்திற்கான களத்தில் நிற்கிறார். எதிரே நிற்பவரோ ஏழாண்டுகளாக வெல்ல முடியாதவர். ஆனால், இன்று ஊனமுற்ற காலோடு நிற்பவர்.

வாசகர்களே, ரஷ்வானின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். வலது காலைக் குறிவைத்து மீண்டும் மீண்டும் தாக்கினால் போதும். அல்லது, ஒன்றும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வந்து நேரத்தைக் கடத்தினாலே போதும். வலி தானாகவே யமஷிதாவைச் சாய்த்துவிடும். காலைக் குறிவைப்பதை விதி தடுக்கவில்லை.

ஒரு நிமிடமும் சில நொடிகளும்

1984 ஆகஸ்டு 11. போட்டி தொடங்கியது. ரஷ்வான் நேரத்தைக் கடத்தவில்லை. தொடக்கத்திலேயே முழுவேகத்தோடு வீழ்த்தும் தாக்குதலில் இறங்கினார். யமஷிதாவோ அத்தாக்குதலிலிருந்து நழுவி, ரஷ்வானின் வேகத்தையே பயன்படுத்தி அவரைத் தரையில் சாய்த்தார். சாய்த்த மறுகணமே பக்கவாட்டில் படிந்து அழுத்திப் பிடித்துவிட்டார். அக்கால விதிப்படி, அவ்வாறு 30 நொடிகள் பிடித்துவிட்டால் முழு வெற்றி. ரஷ்வான் திமிறினார், புரண்டார், பிடியோ தளரவில்லை. ஒரு நிமிடமும் சில நொடிகளுமே நடந்த போட்டியில் தங்கம் யமஷிதாவுக்குச் சென்றது. எத்தனையோ வெற்றிகளைக் கண்ட அம்மாவீரர் களத்திலேயே கண்ணீர் விட்டு அழுதார்.

பதக்க மேடையின் உச்சிப்படியில் ஏற யமஷிதாவின் கால் இடம் தரவில்லை. அப்போது கை கொடுத்து அவரைத் தாங்கியவர் யார் தெரியுமா? சற்றுமுன் அவரிடம் தோற்ற ரஷ்வான்தான்!

காயம்பட்ட காலை ஏன் குறிவைக்கவில்லை என்று செய்தியாளர்கள் வினவியபோது, அவ்வாறு வெல்வது தமது கொள்கைக்கு உகந்ததன்று என்னும் கருத்தில் ரஷ்வான் விடையளித்தார். அவரது நேர்மையைப் போற்றிச் சர்வதேச நேர்மை விளையாட்டுக் குழு அவருக்கு விருது வழங்கியது. அந்த ஒலிம்பிக்கில் எகிப்து பெற்ற ஒரே பதக்கம் அவரது வெள்ளிதான்.

விட்டுக்கொடுத்தாரா?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்தாக வேண்டும். “ரஷ்வான் இரக்கப்பட்டுத் தங்கத்தை விட்டுக்கொடுத்தார்” என்று சிலர் கதையை மிகைப்படுத்திக் கூறுவதுண்டு. இது உண்மையன்று, இரு வீரர்களுக்கும் இது பெருமை சேர்ப்பதுமன்று. ரஷ்வான் வெல்லவே முயன்றார். யமஷிதா தம் திறமையாலேயே வென்றார்.

மறுபுறம், அப்போட்டியின் படப்பதிவை நுணுகிப் பார்த்த சிலர், ரஷ்வானின் தாக்குதல் யமஷிதாவின் வலது காலையும் நாடியது என்று வாதிடுவதும் உண்டு. ஜூடோவில் வீழ்த்தும் முயற்சி என்பது எதிராளியின் உடல் முழுவதையும் நோக்கியது. எந்தக் காலும் அதற்கு வெளியே நிற்பதில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. எதிரியின் வலியைத் தமக்கு ஆயுதமாக்கி, அவர் துவண்டு விழும்வரை காத்திருக்கும் வழி ரஷ்வானுக்குத் திறந்தே இருந்தது. அவ்வழியில் அவர் செல்லவில்லை. நேருக்கு நேர் மோதினார். நேருக்கு நேர் தோற்றார். விட்டுக்கொடுப்பது வேறு, நேர்மையாகப் போராடுவது வேறு என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

அதன் பின்னர்

அந்த வெள்ளி, தற்செயலாக வாய்த்ததன்று. 1985-இல் சியோலிலும், 1987-இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரிலும் நடந்த உலகப் போட்டிகளில் ரஷ்வான் மீண்டும் வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். பின்னர் சர்வதேசப் போட்டிகளில் நடுவராகவும் பணியாற்றினார். எகிப்துக்கு ஜூடோவில் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 24 ஆண்டுகள் ஆயின. 2008-இல் பெய்ஜிங்கில் ஹிஷாம் மிஸ்பாஹ் வெண்கலம் வென்றார்.

யமஷிதா 203 தொடர் வெற்றிகளோடு 1985-இல் ஓய்வு பெற்றார். களத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் நண்பர்களாயினர். ஜப்பானியர் ரஷ்வானைத் தம்முள் ஒருவராகவே நேசித்தனர். அவரது இல்லத்தரசியும் ஜப்பானில் பிறந்தவரே. 35 ஆண்டுகள் கடந்த பின்னும் ஜப்பான் அவரை மறக்கவில்லை. 2019-இல் அந்நாட்டு அரசு தனது உயரிய விருதுகளுள் ஒன்றான எழுஞாயிறு விருதை அவருக்கு அளித்தது. தங்கள் வீரரிடம் தோற்ற ஓர் அயல்நாட்டவருக்கு ஒரு நாடு செய்த மரியாதை இது!

நம் இல்லங்களுக்கு

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் அல்லர், சினம் மேலிடும் வேளையில் தம்மைத் தாமே அடக்கிக்கொள்பவரே உண்மையான வலியவர் என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் அடிக்கடி செவியுறுகிறோம். சினத்திற்கு மட்டுமா அது பொருந்தும்? வெற்றி ஆசை மேலிடும் வேளைக்கும் அது பொருந்தும் அல்லவா?

பெற்றோர்களே! பிள்ளை விளையாடிவிட்டு வீடு திரும்பியதும் “ஜெயித்தாயா?” என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். “எப்படி ஆடினாய்?” என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? நாம் எதை முதலில் கேட்கிறோமோ, அதையே பிள்ளை பெரிதென்று எண்ணி வளர்கிறது. இன்று ஆடுகளத்தில் நொண்டுபவனின் காலைத் தேடிப் பிடிக்கப் பழகிய கை, நாளை வணிகத்தில் கடன்பட்டவனின் கழுத்தையும், குடும்பத்தில் எளியவரின் குறையையும் தேடிப் பிடிக்காதா?

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது விடை கூறுங்கள். உங்கள் மகனோ மகளோ இன்று மாலை ஆடிவிட்டுத் தோற்று வந்தால், வியர்வையைத் துடைத்துவிட்டு அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். இஸ்கந்தரிய்யாவின் இந்த வீரரைப் பற்றிச் சொல்லுங்கள். அன்று தங்கம் யமஷிதாவின் கழுத்தில் விழுந்தது. அவரை மேடையேற்றிய கை ரஷ்வானுடையது. அந்தக் கையை உங்கள் பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.