மேப்பிள் மரத்தில் நீர் ஊற்றிய கதை

வட அமெரிக்காவின் பேரேரிகளை அடுத்த காடுகளில் வாழும் அனிஷினாபே மக்கள் தம் குழந்தைகளுக்கு ஒரு கதை கூறுவர்.

முன்னொரு காலத்தில் மேப்பிள் மரக்கிளையை ஒடித்தாலே கெட்டியான பாகு சொட்டுமாம். மக்கள் மீன் பிடிப்பதையும் பயிரைப் பேணுவதையும் மறந்து, மரத்தடியில் வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்தனராம். இதைக் கண்ட நானபோஜோ என்னும் மாய வீரன், மரத்தின் உச்சியில் ஏறி நீரை ஊற்றினான். பாகு நீர்த்துப் போயிற்று. இனி உழைத்தால்தான் இனிப்பு, அதுவும் ஆண்டில் சில நாள்களே என்று கூறிவிட்டான்.

இக்கதையில் உண்மை உண்டா? உண்டு. மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதமே. மற்றது பெரும்பாலும் நீர். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். மரம் கோடையில் சேமித்த மாவுப்பொருளே இச்சர்க்கரையாக மாறுகிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் சாறு நன்கு வடியும்.

சாறு நீர்த்திருப்பதையும், அது வடியும் பருவத்தையும், காய்ச்சும் உழைப்பையும் ஒரு சிறு கதைக்குள் அடக்கிக் குழந்தைகளின் நினைவில் பதித்தனர் அம்முன்னோர். நானபோஜோ இனிப்பைப் பறித்துக்கொள்ளவில்லை; நீருக்குள் ஒளித்து வைத்தான். அதைத் தேடி எடுக்கும் வேலையைத்தான் மக்களிடம் விட்டான்.