வியன்னாவில் முதல் மாடி எது?

வியன்னாவின் பழைய கட்டடத்தில் இயங்கும் ஹோட்டலில் "உங்கள் அறை முதல் மாடியில்" என்று சொன்னால், உடனே பெட்டியைத் தூக்கிவிடாதீர்கள். தரைத்தளத்துக்கு மேல் 'ஹோக்பார்ட்டேர்' என்று ஒன்று வரும். அதற்கு மேல் 'மெட்ஸானின்'. அதையும் தாண்டினால்தான் அவர்கள் கணக்கில் முதல் மாடி. நம் கணக்கில் மூன்றாவது. எல்லாக் கட்டடங்களிலும் இவை இரண்டும் இருக்காது. ஆனால் ஏதாவது ஒன்றிடம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். லிஃப்ட் இருக்குமே என்பீர்கள். இருக்கும். சுற்றிச் செல்லும் படிக்கட்டின் நடுவே பிற்காலத்தில் செருகிய சின்னக் கூண்டு அது. ஒரு ஆள், ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். சில இடங்களில் அரை மாடி ஏறிப் போனால்தான் அந்த லிஃப்டின் கதவே கண்ணில் படும்.

ஐரோப்பியப் பயணம் என்றதும் பாரம்பரிய ஹோட்டலா, நவீன ஹோட்டலா என்று வீட்டில் விவாதம் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் படங்களைப் பார்த்துத்தான் தீர்ப்பு. சரவிளக்குக்கு ஓட்டுப் போடுபவர் ஒரு பக்கம், கண்ணாடிச் சுவருக்குப் போடுபவர் மறுபக்கம். என் கணக்கு வேறு. புதிய ஹோட்டலில் எந்த அறை கொடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹோட்டலைப் பார்த்துத் தேர்ந்தால் போதும். பழைய ஹோட்டலில் அடுத்தடுத்த இரண்டு அறைகளே ஒன்றுபோல் இருக்காது. அங்கே அறையைப் பார்த்துத் தேர வேண்டும்.

இதற்குக் காரணம், அந்தக் கட்டடங்களில் பல ஹோட்டலாகப் பிறக்கவில்லை என்பதுதான். 1857-ல் பேரரசர் பிரான்ஸ் யோசேப் நகரின் கோட்டைச் சுவரை இடிக்க உத்தரவிட்டார். சுவர் இருந்த இடத்தில் ரிங்ஸ்ட்ராஸ என்னும் அகன்ற சாலை வந்தது. அதன் ஓரத்தில் வுர்ட்டம்பெர்க் இளவரசர் ஒருவர் கட்டிய மாளிகைதான் இன்றைய ஹோட்டல் இம்பீரியல். 1873-ல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, வருகிறவர்களைத் தங்கவைக்க அதை ஹோட்டலாக மாற்றினார்கள். மூன்று ஆண்டுகளில் ஓபரா அரங்கின் பின்புறம் ஸாஹர் வந்தது, 1892-ல் பிரிஸ்டல். நாம் இன்று 'கிளாசிக்' என்று கைகூப்புகிற இவை எல்லாம் அன்று புத்தம் புதிய ஆடம்பரங்கள்.

ஸாஹரை நிறுவிய எடுவர்ட் 1892-ல் இறந்த பிறகு, அவர் மனைவி அன்னா ஸாஹர் அதை நடத்தினார். கையில் சுருட்டு, காலடியில் பிரெஞ்சு புல்டாக் நாய்கள் என்று ஊரே அறிந்த முதலாளியம்மா. இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கு வல்லரசுகள் நகரைப் பங்குபோட்டபோது, ஸாஹர் பிரிட்டிஷ்காரர்களிடமும் இம்பீரியல் சோவியத்காரர்களிடமும் போனது. இப்படி ஒரு கதை வேண்டுமென்றால் அதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கேட்டுவிட்டு நாம் மெல்ல நகர்ந்து, அதே காலத்துக் கட்டடத்தின் ஏதோ ஒரு மாடியில் நடக்கும் குடும்ப விடுதிக்கு வருவோம். 'பென்சியோன்' என்று பலகை இருக்கும். நியாயமான வாடகை, உயரமான கூரை, கிறீச்சிடும் மரத்தரை.

இங்கேதான் கேள்விகள் கேட்க வேண்டும். அறை தெருவைப் பார்த்ததா, உள்முற்றத்தைப் பார்த்ததா? தெருப்பக்கம் என்றால் வெளிச்சமும் வேடிக்கையும் கிடைக்கும். அதிகாலையிலேயே டிராமும் வரும். முற்றப்பக்கம் இருட்டாக இருக்கும், ஆனால் நிம்மதியான தூக்கம். வியன்னாவின் பழைய ஜன்னல்கள் இரட்டை ஜன்னல்கள். வெளிக்கதவைத் திறந்தால் ஒரு சாண் இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு ஜோடிக் கதவு. இரண்டையும் சாத்திவிட்டால் குளிரும் சத்தமும் பெருமளவு வெளியே நின்றுவிடும். ஆனால் ஜூலை மாதத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அதே ஜன்னலைத் திறந்து வைக்காமல் முடியாது. ஏசி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட முகப்பில் ஏசிப் பெட்டியைத் தொங்கவிட அனுமதி எளிதில் கிடைக்காது; அதனால் பல இடங்களில் மின்விசிறிதான்.

நவீன ஹோட்டலில் இந்தத் தொல்லை இல்லை. டானூப் கால்வாய்க் கரையில் ழான் நூவெல் வடிவமைத்த கோபுர ஹோட்டல் 2010-ல் வந்தது. மேல்மாடி உணவகத்தின் கூரை முழுக்க பிப்பிலோட்டி ரிஸ்ட் என்ற சுவிஸ் கலைஞரின் ஒளிரும் வண்ணப் படங்கள். இரவில் எதிர்க்கரையிலிருந்தே தெரியும். ஸ்டெஃபான் பேராலயத்துக்கு நேர் எதிரே ஹான்ஸ் ஹோலைன் கட்டிய ஹாஸ் ஹவுஸ் இன்னொன்று. 1990-ல் கட்டி முடித்தபோது, கோயில் எதிரே கண்ணாடிக் கட்டடமா என்று ஊரில் பெரிய சண்டை. இன்று அந்தக் கண்ணாடியில் விழும் பேராலய பிம்பத்தைப் படம் எடுக்கவே கூட்டம். அதற்குள்ளும் ஒரு ஹோட்டல் இருக்கிறது.

நவீனத்துக்கும் ஒரு வம்பு உண்டு. குளியலறைச் சுவரைக் கண்ணாடியில் வைப்பதில் இந்த வடிவமைப்பாளர்களுக்கு அப்படி என்ன ஆசையோ! தேனிலவுத் தம்பதிக்குச் சரி. அம்மாவை அழைத்துப் போகிறவர் முன்பே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கழிவறையில் தண்ணீர்க் குழாயை மட்டும் பழையது, புதியது இரண்டிலும் எதிர்பார்க்காதீர்கள்.

குடிதண்ணீர்ப் பாட்டில் வாங்கவும் வேண்டாம். ஆல்ப்ஸ் மலையூற்று நீரை நகருக்குக் கொண்டுவரும் முதல் குழாய்ப் பாதை திறந்ததும் அந்த 1873-ல்தான். இன்றும் அறைக் குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காகப் போகிறவர் என்றால், முற்றம் பார்த்த பழைய அறை என்பேன். கோடை விடுமுறையில் பிள்ளைகள், பெரியவர்கள், நாலு பெட்டி என்றால், 2014-ல் திறந்த மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றி முளைத்திருக்கும் சிக்கன ஹோட்டல்களில் ஒன்று. அழகு குறைவுதான். ஆனால் லிஃப்ட் பெரியது, ஏசி ஓடும், யு1 மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் பேராலயம்.

அப்போதும் ஸாஹரை விட்டுவிட வேண்டியதில்லை. சிவப்பு இருக்கையில் உட்கார்ந்து காபியும் சாக்லேட் கேக்கும் சாப்பிட அங்கே அறை எடுத்திருக்க வேண்டாம். வரிசையில் நிற்கும் பொறுமை இருந்தால் போதும். அந்தக் கேக்கின் அசல் உரிமை யாருக்கு என்று டெமெல் மிட்டாய்க் கடையோடு பல ஆண்டுகள் வழக்கு நடத்தி 1963-ல்தான் சமரசம் ஆனார்கள். ஸாஹரில் ஆப்ரிகாட் ஜாம் நடுவிலும் மேல்பூச்சுக்கு அடியிலும் இருக்கும்; டெமெலில் மேல்பூச்சுக்கு அடியில் மட்டும். எனக்கு இரண்டுமே கொஞ்சம் வறட்சிதான். பக்கத்தில் வைக்கும் இனிப்பில்லாத கிரீமைத் தாராளமாகத் தொட்டுக்கொண்டால் இறங்கும்.