உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி
தோலுக்கு நிறமளிக்கும் உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா எனப்படும். இந்தியாவில் இது அரிது; ஆயினும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவதுண்டாதலால் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. புத்தலப்பட்டு போன்ற வேளாண் பகுதிகளில் இதனை முள் தைத்த வடு, கால் ஆணி, இரத்தக்கட்டு என்று எண்ணிவிட இடமுண்டு.

பரவிவரும் கரும்புள்ளி, ஒழுங்கற்ற ஓரம், பல நிறக் கலப்பு, நகத்தில் அகன்றுவரும் கரும்பட்டை, ஆறாத புண் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். திசுச் சோதனையே நோயை உறுதிசெய்யும். நோய் இறங்கியுள்ள ஆழமே விளைவைப் பெரிதும் தீர்மானிக்கிறது என 1970இல் பிரஸ்லோ என்னும் அமெரிக்க மருத்துவர் காட்டினார். ஆழம் 1 மில்லிமீட்டருக்குள் இருப்பின் அறுவையாலேயே பெரும்பாலோர் குணமடைவர்.

திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இப்பகுதியினருக்கு அண்மையில் உள்ளன. கிராம சுகாதார ஊழியர் பாதங்களையும் பார்வையிடுவது நன்று.